தனியாகப் போனால் எரியும் விளக்கு

அந்த மஞ்சள் விளக்குக்கு ஆள் பார்த்து எரியும் புத்தி இருந்தது. பூவம்மா தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எரியும். எதிர்வீட்டு ஜரீனா தன் காரில் முன்னால் போக, பூவம்மா அவள் வால் பிடித்துக்கொண்டு போனால் எரியாது. வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும்.

டயரில் காற்றைக் கவனி என்று சொல்லும் விளக்கு. வாய் திறந்த சட்டி மாதிரி ஒரு படம், சட்டிக்குள் ஒரு ஆச்சரியக்குறி. அது எரிந்ததும் திரையில் காரின் உருவம் வரும். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு இடத்தில் எண்கள் தெரியவேண்டும். மூன்றில் தெரியும். முன்பக்க இடது சக்கரத்தில் மட்டும் எண்ணுக்குப் பதிலாக இரண்டு கோடு, உதட்டைப் பிதுக்கியது போல.

“வண்டிக்கே தெரியுது அனு,” என்றாள் பூவம்மா. “நான் தனியா ஓட்டினா அதுக்கும் பயமா இருக்கு.”

“அம்மா, அதுக்கு நீ யாருன்னே தெரியாது. அது பேட்டரி வச்ச டப்பா.”

“அப்ப ஏன் ஜரீனா இருந்தா மட்டும் எரிய மாட்டேங்குது?”

மகள் அனுப்ரியாவுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது அவளுக்குக் கோபம் வரும். தெரிந்தபோதும் வரும், அது வேறு விஷயம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி ஏறியவள் அவள்தான். படித்தது புள்ளியியல். ஆனால் பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வீட்டில் வைஃபை படுத்தாலும், யார் போன் பூட்டிக்கொண்டாலும், அவளுக்குத்தான் அழைப்பு வரும். முடியாது என்று சொன்னால், “இதுக்குத்தான் படிக்க வச்சாங்களா?” என்று கேட்பார்கள். இவர்கள் யாரும் ஒரு பேனா வாங்கிக் கொடுத்ததில்லை. அதையும் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனால்தான் வீட்டு விசேஷங்களில் அவள் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும்.

அழைப்பவர்களில் முதல் ஆள் சித்தப்பா பரமசிவம். அப்பா மாணிக்கம் கப்பலில் வேலை செய்பவர், வருஷத்தில் பாதி கடலில் இருப்பார். அந்தப் பாதி வருஷத்துக்கு இந்த வீட்டு ஆம்பிளை தான்தான் என்று சித்தப்பா தானாகவே பதவி ஏற்றுக்கொண்டார். யாரும் நியமிக்கவில்லை.

பூவம்மா கார் ஓட்டப் பழகியதே அவரால்தான். புக்கிட் மேராவில் ஒரு கல்யாணம். திரும்பும்போது நான் கொண்டுபோய் விடுகிறேன் அண்ணி என்று சொன்னவர், சாப்பிட்டதும் தன் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பூவம்மா பட்டுச்சேலையும் தாம்பூலப் பையுமாகப் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். மழை வேறு. மறுநாள் காலையில் ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டாள். இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை பாஸ் ஆனபோது சோதனை செய்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவம், அந்த மனிதர் ஏதோ அடிபட்டுவிட்டது என்று பயந்துபோனார்.

பிறகு கார். அப்பாவும் அனுவும் சேர்ந்து வாங்கிய வெள்ளை மின்சாரக் கார். ஜரீனாவும் அதே மாதிரி, அதே நிறம். சுவா சூ காங்கில் ஒரே அடுக்குமாடி புளோக், ஒரே மாடி, எதிரெதிர்க் கதவு. இருபது வருஷமாகக் குழம்பும் கதையும் கைமாறும் வீடுகள். காரில் மட்டும் தனித்தனியாகப் போவார்களா? இரண்டு பேரும் ஒரே நாளில் எடுத்தார்கள். பூவம்மா தன் காருக்குப் பூஜை போட்டாள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது போதாது என்று, சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றச் சொல்லி, உள்ளே நட்டுகள் இருக்கும் குழிகளைச் சுற்றிச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, திரும்ப மூடச் சொன்னாள். “வெளிய வச்சா மழையில போயிடும். உள்ள இருந்தா நிக்கும்.”

கார் வந்த பிறகும் பூவம்மா தனியாகப் போகவில்லை. பின்கண்ணாடியில் புது ஓட்டுநர் என்று காட்டும் ஆரஞ்சு முக்கோணத்தை ஒட்டிக்கொண்டு ஜரீனாவுக்குப் பின்னாலேயே ஓட்டினாள். ஜரீனா சிக்னல் போட்டால் இவளும் போடுவாள். ஜரீனா தவறான வழியில் திரும்பினால் இவளும் திரும்புவாள். ஒருமுறை இரண்டு பேரும் வரிசையாக யாரோ ஒருவருடைய காண்டோ குடியிருப்பு வாசலில் போய் நின்று, காவலாளி இரண்டு கார்களுக்கும் சேர்த்து ஒரே திட்டாகத் திட்டி அனுப்பினார்.

போன மாதம் இரண்டு கார்களையும் சுங்கை காடுட் பக்கம் ஒரு பட்டறையில் விட்டு, தேய்மானம் சமமாக இருக்க டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டார்கள். “ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு வேணாம், ரெண்டையும் சேர்த்தே முடிச்சுக் கொடுங்க. நாங்க ஒண்ணாத்தான் போகணும்,” என்று இரண்டு பேரும் அடம் பிடித்தார்கள். பட்டறைக்காரரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தூக்கி வைத்து வேலையை முடித்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான், ஜரீனாவுக்குக் காய்ச்சல் என்பதால், பூவம்மா முதன்முதலாகத் தனியாகப் போனாள். போய்க் கால் மணி நேரத்தில் சட்டி எரிந்தது.

அனு செய்யாத வைத்தியம் இல்லை. காலையில் டயர் சூடாகும் முன்பே பெட்ரோல் நிலையத்துக்குக் கூட்டிப்போய் நாலு சக்கரத்துக்கும் 42 என்று காற்றடித்தாள். பெட்ரோலே போடாமல் காற்று மட்டும் பிடிக்கப் பூவம்மாவுக்கு வெட்கம். போகும்போதெல்லாம் கடைக்குள் போய் ஒரு பன்டான் கேக் வாங்கி வந்துவிடுவாள். வீட்டில் பன்டான் கேக் குவிந்ததே தவிர விளக்கு அணையவில்லை. அனு திரையில் மெனுவுக்குள் மெனு போய் ரீசெட் செய்தாள். பட்டறைக்குப் போன் போட்டாள். “எல்லாம் சரியாத்தான் மாட்டினோம்மா,” என்றார்கள். கடைசியில் கார் வாங்கிய கம்பெனிக்கே கொண்டு போனார்கள். பூவம்மா தனியாகப் போகப் பயந்ததால் ஜரீனா துணைக்கு முன்னால் தன் காரில் வந்தாள். அங்கே போய் நின்றதும் விளக்கு எரியவே இல்லை. நாலு எண்ணும் பளிச்சென்று தெரிந்தன.

“சென்சார் எல்லாம் பேசுது மேடம்,” என்றான் அங்கிருந்த இளைஞன். டயருக்குள் குட்டிக் குட்டியாக ஒரு சென்சார் இருக்கும், வண்டி உருளும்போது காற்றின் அளவை அது ரேடியோவில் காருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினான். “எப்பவாவது ஒண்ணு பேச்சை நிறுத்தியிருக்கலாம். எரியும்போது கொண்டு வாங்க.”

“எரியும்போது கொண்டு வரணும்னா நான் தனியால்ல வரணும்!” என்றாள் பூவம்மா, அழுகை வராத குறையாக.

சித்தப்பாவுக்கு இது அல்வா. வாரா வாரம் வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்துவிடுவார். “நான் அப்பவே சொன்னேன் அண்ணி. இந்த வயசுல எதுக்கு? வண்டியே வேணாம்னு சொல்லுது லா. அண்ணன் வர வரைக்கும் சாவியை என்கிட்ட கொடுங்க, பத்திரமா வச்சிருக்கேன்.” பத்திரமாக வைத்திருப்பது என்றால் எல்லை தாண்டி ஜோகூருக்கு மீன் சாப்பிடப் போவது என்று அனுவுக்குத் தெரியும். “நாலு வருஷம் யூனிவர்சிட்டியில என்னதான் படிச்ச? ஒரு லைட்டை அணைக்கத் தெரியல.”

“வாயை அணைக்கத்தான் சித்தப்பா முதல்ல கண்டுபிடிக்கணும்.”

“அனு!” என்று அதட்டினாள் பூவம்மா. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு ரொம்பவே சோர்ந்திருந்தாள். “சரி தம்பி. ஞாயித்துக்கிழமை தேக்கா சந்தைக்கு நான் தனியா ஓட்டறேன். நீங்களும் வாங்க. அன்னைக்கும் எரிஞ்சா, சாவியை நீங்களே வச்சுக்குங்க. நான் பழையபடி பஸ்ஸுல போய்க்கறேன்.”

அனு அன்று இரவு அம்மாவோடு பேசவில்லை. கோபம் அம்மா மீது இல்லை. அந்தப் பஸ் நிறுத்தம் அவள் கண்ணிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜரீனாவிடம் வரவேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ஸ்டீயரிங்கில் பூவம்மா. பக்கத்தில் அனு, மடியில் காற்று அளக்கும் கை மீட்டர். பின்னால் சித்தப்பா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கால் அகட்டி. விரைவுச்சாலையில் ஏறும்போது பூவம்மா முருகா என்றாள். நன்றாகத்தான் ஓட்டினாள். கண்ணாடி பார்த்தாள், சிக்னல் போட்டாள், ஒரு லாரிக்குப் பணிந்து வழி விட்டாள். அனு திரையை முறைத்துக்கொண்டே வந்தாள், முறைத்தால் அடங்கிவிடும் என்பது போல.

அடங்கவில்லை. புக்கிட் தீமா தாண்டியதும் டிங் என்றது. சட்டி. இரண்டு கோடு.

“ஆங்!” என்று பின்னால் கை தட்டும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு தேக்கா வரும்வரை பூவம்மா முருகனைக்கூடக் கூப்பிடவில்லை.

சந்தைக்குப் பக்கத்திலிருந்த அடுக்கு கார் பார்க்கில் இரண்டாம் மாடியில் அடுத்தடுத்து இரண்டு இடம் காலியாக இருந்தது. பூவம்மா பின்னோக்கிப் போனாள், முன்னால் வந்தாள், மறுபடி பின்னோக்கிப் போனாள். “மெதுவா அண்ணி, மெதுவா, கடைசித் தடவைதானே,” என்றார் சித்தப்பா. அனு பதிலுக்கு வாயைத் திறந்தபோது, சரிவுப் பாதையில் வெள்ளைக் கார் ஒன்று ஏறி வந்து, ஹாரன் அடித்து, பக்கத்து இடத்தில் ஒரே மூச்சில் நுழைந்தது.

ஜரீனா. கண்ணாடியை இறக்கிக் கை ஆட்டினாள். “கோவிச்சுக்காதே பூவு! வீட்ல இருப்பு கொள்ளல. பின்னாடி வந்தாதானே தப்பு? நான் தனியா, தள்ளித்தான் வந்தேன்!”

அந்தக் கணம் அனு கண்ணெதிரே திரையில் இரண்டு கோடு மறைந்தது. அங்கே ஓர் எண் வந்தது. 29. உடனே சிவப்பானது.

“பார்த்தியா!” சித்தப்பா முன்னால் எட்டிப் பார்த்தார். “காத்து இறங்கிப் போச்சு! நாம எல்லாம் உயிர் பிழைச்சதே பெரிசு. கொடுங்க அண்ணி.”

பூவம்மா காரை அணைத்தாள். சாவியை எடுத்து, திரும்பிப் பார்க்காமலேயே, தோளுக்கு மேலே பின்னால் நீட்டினாள். சித்தப்பா வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுத் தட்டிக்கொடுத்தார்.

அனு ஏற்கெனவே இறங்கியிருந்தாள். முன்பக்க இடது சக்கரத்தின் முன் மண்டியிட்டு மீட்டரை வைத்தாள். 45. ஓடி வந்த சூட்டுக்கு அது சரி. காற்று குறையவே இல்லை. மறுபடி வைத்தாள். 45. மற்ற மூன்றையும் பார்த்தாள். எல்லாம் அதே அளவு.

“அந்த மீட்டர் தேக்காவுல வாங்கினதா?” என்றார் சித்தப்பா.

அனு எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். கார் பொய் சொல்கிறது, அல்லது மீட்டர் பொய் சொல்கிறது. இரண்டும் உண்மை சொன்னால்? எங்கேயோ ஒரு டயரில் 29 இருக்கிறது. அது இந்தக் காரில் இல்லை. ஜரீனா தூரத்தில் இருந்தால் கோடு. ஜரீனா பக்கத்தில் வந்தால் எண். வண்டிக்குப் பயமும் இல்லை, பாசமும் இல்லை…

“ஜரீனா ஆன்ட்டி,” என்றாள். “உங்க வண்டியில சட்டி எரியுதா?”

“எந்தச் சட்டி?”

“மஞ்சள் லைட். டயர் லைட்.”

“ஓ, அதுவா? அது ஒரு மாசமா எரியுது. கண்ணை உறுத்துச்சு, அது மேல பூனை ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்.”

பூவம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். “என்னது?”

“யா அல்லா, ஏன்டி கத்தற? ஓடுது இல்ல, அப்புறம் என்ன?”

“ஒரு மாசமா நான் அழுதுக்கிட்டு இருக்கேன், நீ பூனை ஒட்டிக்கிட்டு இருந்தியா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீ உன் வண்டிக்கு அழும்போது நான் எப்படி என் வண்டியைப் பத்திப் பேசறது? மரியாதையா இருக்குமா?”

அதற்குள் அனு ஜரீனாவின் காரைச் சுற்ற ஆரம்பித்திருந்தாள். முன் வலது, 44. முன் இடது, 45. பின் இடது, 44. பின் வலது சக்கரத்தில் மீட்டரை அழுத்தினாள். எண் வந்தது. அவள் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்ததால் சித்தப்பா ஒரு அடி பின்வாங்கினார்.

“29,” என்றாள். “சித்தப்பா, வந்து பாருங்க. உங்க கண்ணாலயே பாருங்க.”

மூடியின் ஓரத்தில் விரலை விட்டு நெம்பினாள். பிளாஸ்டிக் மூடி டப்பென்று கையோடு வந்தது. உள்ளே, ஐந்து நட்டுக் குழிகளைச் சுற்றியும், காய்ந்து வெடித்த சந்தனம். நடுவே குங்குமம், அப்படியே, பூஜை நாளில் வைத்தது போல.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் ஜரீனாதான் பேசினாள். “பூவு, என் வண்டிக்கு எப்படி பொட்டு வச்ச?”

“நான் எங்க வச்சேன்? அது என் சக்கரம்!”

“பட்டறையில ரெண்டு வண்டியையும் சேர்த்துப் பண்ணச் சொன்னீங்கள்ல,” என்றாள் அனு. “ஒண்ணாத்தான் போகணும்னு அடம் பிடிச்சீங்கள்ல. எட்டுச் சக்கரமும் ஒரே இடத்துல கிடந்திருக்கு, ஒண்ணு மாறிப் போச்சு. பட்டறைக்காரங்க காருக்குப் புது சென்சாரைக் கத்துக்கொடுக்காம விட்டதால நம்ம காரு இன்னும் அந்தப் பழைய சென்சாரைத்தான் தேடுது. அது ஆன்ட்டி வண்டியில சுத்துது. நீ அவங்க பின்னாடியே போனா சத்தம் கேட்குது, தனியாப் போனா கேட்கல. அவ்வளவுதான். உன் ஓட்டத்துல ஒரு தப்பும் இல்லம்மா. ஒரு நாளும் இருந்ததில்ல.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அம்மா முகத்தைப் பார்க்காமல், அனு டயரைத் தடவிப் பார்ப்பது போல் குனிந்தாள். குனிந்ததில் இன்னொன்று தெரிந்தது. டயரின் பள்ளத்தில் ஒரு ஆணி, தலை தேய்ந்து வெள்ளியாக மின்னியது.

“இதோட விரைவுச்சாலையில வந்திருக்கீங்க ஆன்ட்டி.”

ஜரீனா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பூவம்மாவைப் பார்த்தாள். “என் வண்டிக்கே தெரியல. உன் வண்டிக்குத்தான் தெரிஞ்சிருக்கு.”

“உனக்குத்தான் பூனை இருக்கே,” என்றாள் பூவம்மா. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தப்பாவின் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

“சாவி, தம்பி.”

“இல்ல அண்ணி, எரிஞ்சா கொடுக்கறதாத்தானே பேச்சு? எரிஞ்சுது இல்ல? காரணம் எதுவா இருந்தா என்ன…”

“தம்பி.”

அந்தக் குரலைப் பரமசிவம் இதற்கு முன் கேட்டதில்லை. பெற்ற மகளே கேட்டதில்லை. சட்டைப்பை தானாகத் திறந்துகொண்டது.

சந்தைக்குப் போனார்கள். ஆட்டுக்கறி, முருங்கைக்காய், ஒரு கட்டு வாழை இலை வாங்கினார்கள். மேல்மாடியில் பிராட்டா சாப்பிட்டார்கள். சித்தப்பா தோற்ற துக்கத்தில் நாலு சாப்பிட்டார். டயரை ஒட்டப் பட்டறையிலிருந்து மத்தியானம் ஆள் வருவதாகவும், சக்கரத்தை மாற்றி மாட்டச் சாயங்காலம் வீட்டுக்கே வருவதாகவும் சொன்னார்கள். அனு போனில் பேசிய விதத்தில், வேறு வேலையெல்லாம் விட்டுவிட்டு வருவார்கள் என்றே தோன்றியது. ஜரீனாவுக்கு அதற்குள் வீட்டுக்குப் போயாகவேண்டும். அவள் மகள் ஃபர்சானா வீட்டிலிருந்து ஆட்கள் சாப்பிட வருகிறார்கள். பட்டறை ஆளுக்காக அனு இங்கேயே இருப்பதாகச் சொன்னாள்.

ஆக, ஜரீனாவையும் ஏற்றிக்கொண்டு பூவம்மாதான் ஓட்டவேண்டும். முன்னால் போக ஜரீனாவின் கார் இல்லை. பக்கத்தில் அனுவும் இல்லை.

“நான் வேணா ஓட்டட்டுமா அண்ணி?” என்றார் சித்தப்பா, வாழை இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு.

“நீங்க பின்னாடி ஏறுங்க. கறிப் பையை மடியில வச்சுக்குங்க, சீட்டுல ஒழுகிடும். நடுவழியில விட்டுட்டுப் போயிட மாட்டேன், பயப்படாதீங்க.”

புக்கிட் மேரா கல்யாணம் சித்தப்பாவுக்கு ஞாபகம் வந்ததா என்று அனுவுக்குத் தெரியாது. ஆனால் அவர் பேசாமல் ஏறிக் கறிப் பையை மடியில் வாங்கிக்கொண்டார். முருங்கைக்காய் அவர் காதுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

பூவம்மா ஒரே தடவையில் வெளியே எடுத்தாள். சரிவுப் பாதையில் இறங்கி, ஆரஞ்சு முக்கோணம் மறைந்தது.

அரை மணி நேரம் அனு போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அது அடித்தது. ஜரீனாதான். காருக்குள்ளிருந்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், பின்னால் சித்தப்பா ஏதோ முனகுவதும் கேட்டது.

“அனு, உங்கம்மா பறக்கறா லா! நான் கண்ணை மூடிக்கிட்டு வரேன்.”

“லைட் எரியுதா ஆன்ட்டி?”

“எரியாம? புக்கிட் தீமாவுலயே டிங்னுச்சு. நான் கேட்டேன், என் பூனை ஸ்டிக்கர் ஒண்ணு பையில இருக்கு, ஒட்டட்டுமான்னு.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

போனில் பூவம்மாவின் குரல் வந்தது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காதவளின் குரல். “வேணாம்னு சொன்னேன். பாவம், அது சக்கரத்தைத் தேடுது. தேடட்டும். போனை வை அனு, நான் வண்டி ஓட்டறேன்.”